பழைய ஆம்ப்ளிஃபயருக்கு விசிறிக் காற்று

வீட்டு ஆம்ப்ளிஃபயர் சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதிதான் ஸ்பீக்கருக்குப் போகிறது. மிச்சமெல்லாம் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகிறது. 1970களிலும் 80களிலும் வந்த டிரான்சிஸ்டர் செட்டுகள் பெரும்பாலும் ‘ஏபி’ வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றில் ஒலி அலையின் மேல்பாதியை ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. சப்ளையில் 35 வோல்ட் இருந்து, அந்தக் கணத்தில் ஸ்பீக்கருக்கு 12 வோல்ட் மட்டும் தேவைப்பட்டால், மீதி 23 வோல்ட் டிரான்சிஸ்டரின் தலையில் விழுகிறது. அதை ஓடும் கரண்டால் பெருக்கினால் கிடைப்பது வெப்பம். பழைய செட்டுக்கு விசிறி வைக்கலாமா, எங்கே வைப்பது, எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்தப் பெருக்கலில் இருக்கிறது.

பிளஸ் மைனஸ் 35 வோல்ட் சப்ளையும் 8 ஓம் ஸ்பீக்கரும் உள்ள ஒரு சேனலை எடுத்துக்கொள்ளலாம். இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் அது அதிகபட்சம் 76 வாட் கொடுக்கும். அப்போது டிரான்சிஸ்டர்களில் எழும் வெப்பம் 21 வாட். ஒலியைக் குறைத்து வெளியீட்டை 31 வாட்டுக்குக் கொண்டுவந்தால் வெப்பம் குறையும் என்றுதான் தோன்றும். ஆனால் அது 31 வாட்டாக ஏறுகிறது. உச்ச வெளியீட்டில் 40 சதவீதத்தை ஒட்டிய இந்த இடத்தில்தான் ‘ஏபி’ வகுப்பு மிகவும் சுடுகிறது. இன்னும் இறக்கி, உச்சத்தில் எட்டில் ஒரு பங்குக்கு, அதாவது ஒன்பதரை வாட்டுக்கு வந்தாலும் வெப்பம் 25 வாட்டுக்குக் கீழே போவதில்லை. ‘சத்தமாக வைப்பதில்லையே, பிறகு ஏன் சுடுகிறது?’ என்று ரிப்பேர் கடையில் கேட்கப்படும் கேள்விக்கு இந்த எண்களே பதில். 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் இந்த வெப்பமெல்லாம் இரண்டு மடங்கு. பாட்டே ஓடாதபோதும் டிரான்சிஸ்டர்கள் வழியே ஓடிக்கொண்டிருக்கும் 50 மில்லிஆம்பியர் ‘பயஸ்’ கரண்ட் ஒரு சேனலுக்கு மூன்றரை வாட் சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கும்.

1974இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் வாட் விளம்பரத்துக்கு ஒரு விதி கொண்டுவந்தது. அளவெடுக்கும் முன், அறிவித்த சக்தியில் மூன்றில் ஒரு பங்கில் செட்டை ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும் என்றது அந்த விதி. மூன்றில் ஒரு பங்கு என்பது மேலே சொன்ன மிகச் சூடான இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அந்தச் சோதனையைத் தாண்டுவதற்காகப் பல நிறுவனங்கள், டிரான்சிஸ்டரின் வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்தும் ஹீட் சிங்க்கைப் பெரிதாக்கின. முடியாதவை அறிவித்த வாட்டைக் குறைத்தன. பின்னாளில் அந்தப் பங்கு எட்டில் ஒன்றாகத் தளர்த்தப்பட்டது. எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த சில ஜப்பானிய செட்டுகள் தூக்க முடியாத எடையில் இருப்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம். இந்தியாவில் விற்ற செட்டுகளை அப்படியொரு விதி கட்டுப்படுத்தவில்லை.

ஹீட் சிங்க்கின் திறமையை ‘ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி’ என்று அளப்பது வழக்கம். ஒரு வாட்டுக்கு ஒரு டிகிரி என்ற அளவுள்ள ஹீட் சிங்க், 25 வாட் சுமந்தால் சுற்றியுள்ள காற்றைவிட 25 டிகிரி கூடுதலாகச் சுடும். அளவுத்தாள்களில் உள்ள 25 டிகிரி அறையில் அது 50 டிகிரியில் நிற்கும், கைவைத்தால் தாங்கலாம். ஆனால் திருநெல்வேலிப் பக்கம், பாளையங்கோட்டையில் மே, ஜூன் மாதப் பகல் 38, 39 டிகிரியைத் தொடுவது வழக்கமான செய்தி. 40ஐக் கடக்கும் நாட்களும் உண்டு. குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களிலும், மலையின் மழை மறைவில் கிடக்கும் திருநெல்வேலி டவுனிலும் ஜங்ஷனிலும் வெக்கை தணிவதில்லை. கான்கிரீட் மொட்டைமாடிக்கு நேர்க்கீழே இருக்கும் அறை, பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு நெடுநேரம் வரை இறக்கிக்கொண்டிருக்கும். பாட்டுக் கேட்கும் நேரமும் அதுதான். அறை 36 டிகிரி, செட் இருக்கும் கண்ணாடி ஷோகேஸுக்குள் 45 டிகிரி என்றால், அதே ஹீட் சிங்க் 70 டிகிரிக்குப் போய்விடும். பட்டனைத் தட்டும் முன்பே 20 டிகிரி கடனாகிவிட்டது. தாமிரபரணிக் கரையில் விசிறி செய்ய வேண்டிய வேலை இந்தக் கடனை அடைப்பது மட்டுமே. செட்டிலிருந்து கூடுதல் வாட் பிழிவதற்கு அதை நம்புவது தவறு.

70 டிகிரியில் டிரான்சிஸ்டர் செத்துவிடுமா என்றால், உடனே சாகாது. பழைய செட்டுகளில் பரவலாக இருந்த 2என்3055 என்ற உலோக உறை டிரான்சிஸ்டரின் உள்ளே சிலிக்கான் 200 டிகிரி வரை தாங்கும். அந்த 25 வாட் வெப்பத்தை இரண்டு டிரான்சிஸ்டர்கள் பங்கிட்டுக்கொண்டால் ஒன்றுக்குப் பன்னிரண்டரை வாட். சிலிக்கானிலிருந்து உறைக்கு வாட்டுக்கு ஒன்றரை டிகிரி, உறையிலிருந்து நடுவே உள்ள மைக்காத் தகடு வழியாக ஹீட் சிங்க்குக்கு இன்னொரு அரை டிகிரி. ஆக, சிலிக்கான் ஹீட் சிங்க்கைவிட 25 டிகிரி கூடுதலாக, 95 டிகிரியில் இருக்கும். உறை 25 டிகிரியில் இருந்தால் 115 வாட் சுமக்க அனுமதியுள்ள அந்த டிரான்சிஸ்டர், உறை 100 டிகிரிக்கு ஏறினால் 66 வாட்தான் சுமக்கலாம். பின்னாளில் வந்த பிளாஸ்டிக் உறை டிரான்சிஸ்டர்களுக்கு எல்லை 150 டிகிரி. அவற்றில் இடைவெளி இன்னும் குறைவு.

முதலில் அடிவாங்குவது அக்கம்பக்கத்தில் இருப்பவை. ஹீட் சிங்க்குக்கு இரண்டு விரல்கடை தூரத்தில் நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களில் உள்ள திரவம் மெல்ல உலர்கிறது. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று முத்திரையிட்ட கண்டன்சரின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. 65 டிகிரியில் அது 8,000 மணி. 55 டிகிரியில் 16,000 மணி. தினம் நான்கு மணி நேரம் ஓடும் செட்டில் முன்னது ஐந்தரை ஆண்டு, பின்னது பதினொரு ஆண்டு. விசிறி வைப்பதன் பெரிய ஆதாயம் இந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது. ஈயம் வெடித்துத் ‘டிரை சால்டர்’ ஆவது, பிரிசெட் கருகுவது, பேனலின் தாமிரத் தடம் உரிவது ஆகியவையும் வருஷக்கணக்கான சூடும் குளிர்ச்சியும் மாறிமாறி வந்து உண்டாக்கும் சேதங்களே.

இந்த வட்டாரத்து வீடுகளில் இருக்கும் பழைய செட்டுகள் ஒரே வகை அல்ல. மேலப்பாளையம், கடையநல்லூர் போன்ற ஊர்களில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த ஜப்பானிய செட்டுகள் உண்டு. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் கொண்டு உள்ளூர் மெக்கானிக் சேர்த்துக்கொடுத்த ‘அசெம்பிள்’ செட்டுகள் உண்டு. சான்யோ நிறுவனத்தின் எஸ்.டி.கே வரிசை ஐ.சி. போட்ட செட்டுகள் மூன்றாவது வகை. இரண்டு சேனலின் வெப்பமும் ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அலுமினியப் பரப்பு வழியாக வெளியேற வேண்டியிருப்பதால், எஸ்.டி.கே செட்டுக்கு ஹீட் சிங்க் நன்றாகப் படிந்திருப்பது மற்றவற்றைவிட முக்கியம். அந்த ஐ.சி. எரிந்தால் இன்று கிடைக்கும் மாற்றுகளில் போலி மிகுதி. அசல் ஐ.சி. உயிரோடு இருக்கும் செட்டைக் காப்பாற்றுவதற்கு விசிறி போல மலிவான வழி வேறில்லை.

சவூதியிலிருந்து வந்த செட்டுகளில் தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த நாட்டு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இங்கே 50 ஹெர்ட்ஸ். 60க்கென்றே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை அதே வோல்ட்டில் 50இல் ஓட்டினால் இரும்புக் கருவில் காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். கரு நிறைந்துபோய், பாட்டு ஓடாதபோதும் டிரான்ஸ்ஃபார்மர் முனகிச் சுடும். பின்பக்கத்தில் ‘50/60 ஹெர்ட்ஸ்’ என்று எழுதியிருந்தால் கவலை இல்லை. 60 மட்டும் எழுதியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவதே சரி. விசிறியால் அந்தச் சூட்டை மறைக்க முடியுமே தவிர நோய் தீராது.

விசிறிக்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் வோல்ட்டேஜ் செலக்டர் முதலாவது. பல ஜப்பானிய செட்டுகளின் பின்னால் 110, 120, 220, 240 என்று திருப்பும் சுவிட்ச் இருக்கும்; வெளிநாட்டிலிருந்து வந்த செட் 220இலேயே நிற்கும். வீட்டு மின்சாரம் 240 இருந்தால் சப்ளை 9 சதவீதம் உயர்ந்துவிடும். வெப்பம் வோல்ட்டின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் அது 19 சதவீதம் கூடும். செலக்டரை 240க்குத் திருப்புவதற்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். இரவில் மோட்டார்களெல்லாம் நின்றபின் கிராமத்து லைனில் வோல்ட் ஏறுவது எல்லோரும் அறிந்தது. ஆகையால் இரவிலும் ஒருமுறை மல்டிமீட்டரில் பார்த்துவிட்டே செலக்டரின் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஹீட் சிங்க் பேஸ்ட். முப்பது ஆண்டு ஆன வெள்ளைப் பேஸ்ட் சுண்ணாம்புப் பொடியாகிக் கிடக்கும். டிரான்சிஸ்டரைக் கழற்றி, பழையதை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, மைக்காவில் கீறலோ விரிசலோ இருந்தால் மாற்றி, இரு பக்கமும் மெல்லிய படலமாகப் புதுப் பேஸ்ட் தடவ வேண்டும். அப்பிவிடுவது பயன் தராது. உலோகம் உலோகத்தைத் தொட முடியாத நுண்ணிய பள்ளங்களை நிரப்புவதே பேஸ்ட்டின் வேலை; தடிமனாக இருந்தால் அதுவே வெப்பத்துக்குத் தடையாகும். உலர்ந்த பேஸ்ட்டால் கூடியிருந்த பத்து டிகிரியை இந்த அரைமணி நேர வேலை திருப்பித் தந்துவிடும். அதன்பின் மைக்காவுக்கு மேலும் கீழும் மல்டிமீட்டர் வைத்து, கலெக்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் ஷார்ட் இல்லை என்று பார்த்த பிறகே கரண்ட் கொடுக்கலாம். இந்தச் சோதனையை விட்டு அவுட்புட் இழந்த செட்டுகள் ஏராளம்.

மூன்றாவது, இருக்கும் இடம். மேலே பட்டுத்துணி விரித்து அதன்மேல் டிவிடி பிளேயரையும் போட்டோவையும் வைத்த செட்டுக்கு எந்த விசிறியும் உதவாது. மேல்மூடியின் ஸ்லாட்டுகள் வழியே சூடான காற்று ஏறிப்போகவும், அடித்தட்டின் ஸ்லாட்டுகள் வழியே புதுக்காற்று நுழையவும் இடம் வேண்டும். கால்கள் தேய்ந்து அடித்தட்டு மேசையோடு ஒட்டியிருந்தால், அரை அங்குல ரப்பர் கால் போடுவதே பாதி சிகிச்சை. மேலே ஒரு சாண், பின்னால் நாலு விரல் என்பது குறைந்தபட்ச இடைவெளி.

இத்தனைக்குப் பிறகும் சித்திரை, வைகாசி இரவில் ஹீட் சிங்க் 60 டிகிரியைத் தாண்டினால் விசிறிக்கு நியாயம் உண்டு. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் விரலே அளவுகோல்: இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்க முடியாவிட்டால் 60 டிகிரி ஆகிவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் சில பழைய செட்டுகளில் ஹீட் சிங்க்கே சப்ளை வோல்ட்டில் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே விரல் வைக்க வேண்டும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதுதான் பலரும் தவறவிடும் இடம். இரண்டு சேனலும் சேர்ந்து 60 வாட் வெப்பம், உள்ளே வரும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், தேவைப்படும் காற்று நிமிடத்துக்கு வெறும் 11 கன அடி. டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபயர் சூட்டையும் சேர்த்தால் 15 கன அடி. கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் 80 மில்லிமீட்டர், 12 வோல்ட் விசிறி முழு வேகத்தில், தடையில்லாத வெளியில், நிமிடத்துக்கு 25 முதல் 35 கன அடி தள்ளும். கேபினட்டின் குறுகிய ஸ்லாட்டுகள் அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். அப்படியும் இரண்டு விசிறிகள் 7 வோல்ட்டில் நிதானமாகச் சுற்றினாலே வேலை முடிந்துவிடும். தள்ளும் காற்றின் அளவு விசிறியின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் மாறுகிறது. சத்தமோ வேகத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 15 டெசிபெல் விழுந்துவிடுகிறது. விசிறி இரண்டானால் கூடும் சத்தம் 3 டெசிபெல்தான். ஆகவே ஒரு விசிறியை விரட்டுவதைவிட இரண்டை மெல்ல ஓட்டுவதே மேல். தம்புராவும் தாழ்ந்த குரலும் கேட்கும் செட்டின் அருகே ‘ஊஊ’ என்று இரையும் விசிறி இருந்தால், செட்டைக் காப்பாற்றி இசையை இழந்ததாகும்.

மைக் செட் தொழிலில் கதை வேறு. பங்குனியில் தொடங்கும் கோயில் கொடைகளுக்கு, மத்தியானம் கட்டிய குழாய் விடியும்வரை ஓய்வதில்லை. டெல்லியில் 1940இல் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர்கள் இந்தத் தொழிலில் ஊன்றியிருக்கின்றன. அவை அந்த உழைப்பை எதிர்பார்த்தே செய்யப்பட்டவை. பந்தலில் சத்தம் பொருட்டல்ல. தொழிலாளி ஒரு மேசை விசிறியை செட்டின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். வீட்டுச் செட்டில் பாட்டின் சராசரி வாட் மிகக் குறைவு. கச்சேரிப் பதிவின் தனி ஆவர்த்தனத்தில்கூட ஒவ்வொரு அடியும் உச்சத்தைத் தொட்டு உடனே இறங்குகிறது. நடுவே டிரான்சிஸ்டர் மூச்சு விடுகிறது. எப்போதும் ஒரே மட்டத்தில் நெருக்கி நிரப்பிய இன்றைய திரைப்பாடல்கள்தான் பழைய செட்டை அதிகம் வாட்டுகின்றன. விசிறியின் தேவையை முடிவு செய்யும்போது, அந்த வீட்டில் என்ன பாட்டு ஓடுகிறது என்பதையும் கேட்பது நல்ல மெக்கானிக்கின் லட்சணம்.

பொருத்துவதில் இரண்டு வழிகள் உள்ளன. மேல்மூடியின் ஸ்லாட்டுகளின் மேல், ஹீட் சிங்க்குக்கு நேராக, காற்றை மேல்நோக்கி இழுக்கும்படி விசிறியை வைப்பது ஒன்று. தானே மேலெழும் சூடான காற்றுக்கு இது துணைபோகிறது. கேபினட்டில் துளை போட வேண்டியதில்லை. நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு ஒட்டி வைத்தால் அதிர்வும் தகட்டுக்கு இறங்காது. பழமைக்காகவே மதிப்புள்ள செட்டுக்கு இந்த வழியைத் தவிர வேறெதுவும் சரியல்ல; ஒருமுறை அறுத்த தகட்டை ஒட்டவைக்க முடியாது. விசிறியின் விளிம்புக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி விட்டால் மட்டும் அது அறைக்காற்றையே சுற்றிச்சுற்றி இழுத்துக்கொண்டிருக்கும். ஸ்பாஞ்சுப் பட்டி வைத்து அதை அடைக்க வேண்டும்.

அடியிலிருந்தோ பின்னாலிருந்தோ ஹீட் சிங்க்கின் இதழ்களுக்குள் காற்றை ஊதுவது இரண்டாவது வழி. குளிர்விப்பதில் இதுவே வலுவானது. ஊதும் காற்று இதழ்களை ஒட்டி நிற்கும் அசையாத மெல்லிய காற்றுப் படலத்தைக் கலைத்துவிடுகிறது. வெப்பத்தைப் பிடித்துவைப்பது அந்தப் படலமே. மிதமான காற்றோட்டத்திலேயே ஹீட் சிங்க்கின் தடை ஏறத்தாழப் பாதியாகும். முன்பு சொன்ன உதாரணத்தில் 25 டிகிரி ஏற்றம் பன்னிரண்டரையாகக் குறையும். செட்டைச் சுற்றித் தேங்கிய 45 டிகிரிக் காற்றும் நாற்பதை ஒட்டி வந்துவிடுவதால், 70இல் நின்ற ஹீட் சிங்க் 55க்குச் சற்றுக் கீழே இறங்கும். நுழைவாயிலில் ஃபில்டர் போட முடிவதும் இந்த வழியின் நன்மை. இதழ்கள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அந்தத் திசையில்தான் காற்று போக வேண்டும். குறுக்கே ஊதினால் முதல் இதழில் மோதிச் சிதறிவிடும். விசிறி இதழ்களைத் தொடும் தூரத்தில் இருந்தால் இரைச்சல் எழும். ஒன்றிரண்டு அங்குலம் தள்ளி, இடைப்பட்ட இடத்தை அட்டையோ தகடோ வளைத்து வாய்க்கால் போல மூடினால் காற்று சிந்தாமல் போகும்.

துளை போட வேண்டியிருந்தால் பேனலைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டே போட வேண்டும். இரும்புச் சீவலில் ஒரு துணுக்கு டிரான்சிஸ்டர் கால்களுக்கு நடுவே விழுந்தால், முதல்நாள் பாட்டிலேயே செட் முடிந்துவிடும். மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குவது மட்டும் போதாது. பெரிய ஃபில்டர் கண்டன்சர்களில் சார்ஜ் தங்கியிருக்கும். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைச் சில விநாடி பிடித்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் பழக்கம் கண்டன்சரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து.

விசிறிக்குக் கரண்ட் எடுக்கும் இடத்தில்தான் நல்ல செட்டுகள் ‘ஹம்’ போடத் தொடங்குகின்றன. 230 வோல்ட் ஏ.சி. விசிறி வேண்டவே வேண்டாம். இரைச்சல் ஒருபுறமிருக்க, அதன் காந்தப்புலம் ஃபோனோ பகுதியில் முனகலாகக் கேட்கும். 12 வோல்ட் விசிறியை நேராக ஆம்ப்ளிஃபயரின் 35 வோல்ட் சப்ளையிலிருந்து 7812 ரெகுலேட்டர் வழியாக ஓட்டப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த ஐ.சி.யின் உள்ளீட்டு எல்லையே 35 வோல்ட். லைன் ஏறும் இரவில் அது போய்விடும். தனியாக 9 வோல்ட், 500 மில்லிஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போட்டு, பிரிட்ஜும் 1,000 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் சேர்த்தால் 11 வோல்ட் சொச்சம் கிடைக்கும். அதன் பின்னால் எல்.எம்.317 ஐ.சி., 240 ஓமும் 1,100 ஓமும் வைத்தால் வெளியே சரியாக 7 வோல்ட். ஐ.சி.யில் எழும் சூடு அரை வாட்டைத் தாண்டாது. மொபைல் சார்ஜர் போன்ற மலிவான ஸ்விட்சிங் அடாப்டரும் விசிறியை ஓட்டும். ஆனால் ரேடியோவும் சேர்ந்த செட்டில் திருநெல்வேலி வானொலியின் மத்திய அலையைத் திருப்பினால் அதன் கொரகொரப்பு கூடவே வரும்.

டி.சி. விசிறி சீராகக் கரண்ட் இழுப்பதில்லை. உள்ளே சுருள்கள் மாறிமாறி இயங்குவதால் துடிப்பு துடிப்பாக இழுக்கும். விசிறியின் மைனஸ் வயரை சிக்னல் எர்த்தில் பற்றவைத்தால் அந்தத் துடிப்பு ‘டிர்ர்’ என்று ஸ்பீக்கரில் வரும். தனி டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் விசிறியின் சப்ளையை ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்க்காமல் விட்டுவிடலாம். சேர்த்தே ஆக வேண்டுமானால் முதன்மை ஃபில்டர் கண்டன்சரின் காலில் மட்டும் சேர்க்க வேண்டும். விசிறியின் இரு வயர்களையும் முறுக்கி, உள்ளீட்டு வயர்களிலிருந்து தள்ளி, தகட்டின் ஓரமாகக் கொண்டுபோவது நல்லது.

பயஸ் விஷயம் இவற்றில் மிக நுட்பமானது. கவனக்குறைவால் செட்டைக் கொல்லக்கூடியதும் இதுதான். டிரான்சிஸ்டர் சூடாகச் சூடாக, அதை இயக்கத் தேவையான வோல்ட் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் வீதம் குறைகிறது. ஈடு செய்யாவிட்டால் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் சூடு கூடும், சூடு மறுபடி கரண்டைக் கூட்டும். இந்தச் சுழலை நிறுத்தவே ஒரு சிறிய டிரான்சிஸ்டரையோ டயோடையோ ஹீட் சிங்க்கில் ஒட்டி, சூட்டை உணர்ந்து பயஸைக் குறைக்கும்படி அமைத்திருப்பார்கள். சில செட்டுகளில் அந்த உணரி ஹீட் சிங்க்கைத் தொடாமல் பக்கத்துப் பேனலில் நிற்கும். விசிறிக் காற்று அந்த உணரியின் மேல் நேராக விழுந்தால், டிரான்சிஸ்டர் உள்ளே கொதிக்கும்போதும் ‘குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது’ என்று அது நினைத்து பயஸைக் கூட்டிவிடும். குளிர்விக்க வைத்த விசிறியே செட்டைச் சுடவைக்கும் நிலை அது. ஆகவே உணரியைக் காற்றிலிருந்து மறைக்க வேண்டும். முடிந்தால் அதைப் பேஸ்ட் தடவி ஹீட் சிங்க்கிலேயே இறுகப் பொருத்திவிட வேண்டும்.

விசிறி ஓடத் தொடங்கி அரைமணி ஆனபின் பயஸை மறுபடி அளக்க வேண்டும். 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனையிலும் 11 மில்லிவோல்ட் தெரிந்தால் 50 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது செட்டுக்குச் செட் மாறும். சர்வீஸ் மேனுவல் சொல்வதே அளவு. விசிறியை நிறுத்தியும் ஓட்டியும் அளந்து, இரண்டிலும் அந்த அளவை ஒட்டியே நின்றால் அமைப்பு சரி.

எப்போதும் ஓடவிடலாமா, சூடானபோது மட்டும் ஓடவிடலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கே.எஸ்.டி.301 என்ற சிறிய தெர்மல் சுவிட்ச், 50 டிகிரியில் இணைவது, கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அதை ஹீட் சிங்க்கில் திருகி விசிறியோடு தொடராக வைத்தால் குளிர்காலத்தில் விசிறி ஓடாது. ஆனால் அமைதியான ஆலாபனையின் நடுவே திடீரென விசிறி கிளம்புவது காதை உறுத்தும். விசிறி எப்போதும் மெல்ல ஓட, வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரை மட்டும் அந்தச் சுவிட்ச் 50 டிகிரியில் தாண்டிவிடும்படி அமைப்பது இதைவிடச் சிறந்தது. 12 வோல்ட் விசிறிகள் பலவும் 5 வோல்ட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பாது. தேர்ந்தெடுத்த வோல்ட்டில் பத்துமுறை நிறுத்திக் கிளப்பிப் பார்ப்பது அவசியம்.

இந்த வட்டாரத்தில் விசிறிக்குக் கொடுக்கும் விலை தூசு. ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் காற்று ஆடியில் உச்சமடைகிறது. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுழற்றுவது இதே பருவக்காற்றுதான். செம்மண்ணை வீட்டுக்குள் வாரிக் கொட்டுவதும் அதுவே. பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத் தூளும், சாம்பிராணிப் புகையும், தாளிக்கும் எண்ணெய் ஆவியும் சேர்ந்தால் தூசு பிசுக்காக ஒட்டும். இதழ்களின் மேல் படிந்த பிசுக்குப் படலம் விசிறி தந்த ஆதாயத்தை மெல்லப் பறித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதே படலம் பேனலில் கசிவுப் பாதையாகவும் மாறும். உள்ளே ஊதும் விசிறிக்கு ஸ்பாஞ்சு ஃபில்டர் கட்டாயம். ஆடிக் காற்றில் பத்து நாளுக்கொருமுறையும் மற்ற மாதங்களில் மாதமொருமுறையும் அதைக் கழுவிக் காயவைத்து மாட்ட வேண்டும். மேலே இழுக்கும் விசிறியில் காற்று எல்லா இடுக்கு வழியாகவும் நுழைவதால் ஃபில்டர் போடுவது கடினம். தூசு மிகுந்த தெருமுனை வீட்டுக்கு அடியிலிருந்து ஊதும் வழியைத் தேர்வதற்கு இதுவே போதிய காரணம். பல்லியும் கரப்பானும் புகாதபடி கம்பிவலை வைக்கவும் மறக்கக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் முனைகளுக்கு நடுவே பல்லி கருகி ஃபியூஸ் போன செட்டுகள் கடைக்கு வருவதுண்டு.

விசிறியின் பேரிங் இரண்டு வகை. புஷ் போட்டது மலிவு. அதை நிமிர்ந்த தகட்டில் பொருத்தினால் நன்றாக உழைக்கும். மூடியின் மேல் படுக்கவைத்தால் எண்ணெய் வற்றிச் சீக்கிரம் கிறீச்சிடும். படுக்கவைக்கும் இடத்துக்கு பால் பேரிங் விசிறி வேண்டும். பிரஷ்ஷாலோ பிளோவராலோ சுத்தம் செய்யும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிளோவர் காற்றில் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் தேய்ந்துவிடும்.

விசிறி ஒருநாள் நிற்கும் என்பதை முன்கூட்டியே எண்ணி வைப்பது முறையான வேலை. விசிறி இல்லாமலே பல ஆண்டு ஓடிய செட், விசிறி நின்றாலும் பழைய சூட்டுக்குத்தான் திரும்பும். விசிறியை நம்பி 8 ஓம் இடத்தில் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டிய செட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஸ்பீக்கர் ரிலே உள்ள செட்டில், 80 டிகிரியில் பிரியும் இன்னொரு தெர்மல் சுவிட்சை ஹீட் சிங்க்கில் வைத்து ரிலேயின் சுருளோடு தொடராக இணைத்தால், சூடு எல்லை மீறியதும் ஸ்பீக்கர் துண்டிக்கப்பட்டு சுமை நீங்கிவிடும். ரிலே இல்லாத செட்டில் அதே சுவிட்சை டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கம் வைக்கலாம். அங்கே ஓடுவது வீட்டு மின்சாரம் என்பதால் முனைகளுக்கு ஸ்லீவ் மாட்டி, சேஸிஸையும், சப்ளை வோல்ட்டில் இல்லாத ஹீட் சிங்க்கையும் மூன்றாவது பின்னின் எர்த்தோடு சேர்த்து, அனுபவமுள்ள மெக்கானிக் கையால் செய்ய வேண்டிய இணைப்பு அது.